திறக்க முடியாத வைக்கோல் கூடை

மரப்பெட்டிகள் வருவதற்கு முன்பு, வட ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாகத் தேனீக்களை வைக்கோல் கூடையில்தான் வளர்த்தார்கள். கவிழ்த்து வைத்த கூடை, தேனீ வந்துபோக ஒரு சிறு துளை, அவ்வளவுதான். ஆனால் அதன் வேலைப்பாடு அசரவைக்கும்.

நீளமான கோதுமை வைக்கோலை அல்லது ரை என்ற தானியத்தின் வைக்கோலை ஈரமாக்கி, மாட்டுக்கொம்பில் அறுத்த வளையத்துக்குள் விட்டு இழுப்பார்கள். புரி மெலிந்தால் வளையம் தளர்ந்து காட்டிக்கொடுத்துவிடும். உடனே இன்னும் சில வைக்கோல் தாள்களைச் செருகுவார்கள். அதனால் புரி கடைசிவரை ஒரே பருமனாக வரும். உச்சியில் தொடங்கிச் சுருளாகச் சுற்றி, ஒவ்வொரு சுற்றையும் மேல் சுற்றோடு சேர்த்துத் தைப்பார்கள். தைக்கும் நார், பிளாக்பெர்ரி முட்கொடியைப் பிளந்து எடுத்தது.

வைக்கோல் தாளின் உள்ளே குழாய் போலக் காலியாக இருக்கும். அதில் அடைபட்ட காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. தேனீக்கள் புழு வளரும் அடையைச் சுமார் 35 டிகிரி செல்சியஸில் வைத்திருக்க வேண்டும். குளிர்ந்தால் பறக்கும் தசைகளை அதிரவைத்துச் சூடாக்கும். அதற்குச் செலவாவது தேன். சுவர் சூட்டைக் காத்தால் தேன் மிச்சம். வெளியே மனிதர்கள் சாணம் பூசினார்கள், உள்ளே தேனீக்களே பிசின் பூசிக்கொண்டன. மழைதான் எதிரி. அதனால் இங்கிலாந்தில் தோட்டச் சுவர்களில் மாடம் வைத்துக் கட்டிக் கூடைகளை உள்ளே வைத்தார்கள். அந்த மாடங்கள் சில இன்றும் இருக்கின்றன.

சரி, தேனை எப்படி எடுப்பது? அடைகள் கூடையோடு ஒட்டியிருக்கும். வெட்டாமல் வெளியே வராது. பல இடங்களில் கந்தகப் புகையால் கூட்டத்தையே கொன்றுவிட்டு அடையை வெட்டினார்கள். இது எனக்கு ஆறாத வருத்தம், ஏனென்றால் கொல்லாத வழியும் அப்போதே இருந்தது: கூடையைப் புரட்டி, மேலே காலிக் கூடையைச் சாய்த்துப் பிடித்து, பக்கங்களில் விடாமல் தட்டினால் தேனீக்கள் மேலே ஏறிவிடும்.

நோய் வந்தாலும் அடையை உருவிப் பார்க்க முடியாது. 1851இல் அமெரிக்கத் தேனீ வளர்ப்பாளர் லாங்ஸ்ட்ராத் இதற்கு விடை கண்டார். சுமார் 6 முதல் 9 மில்லிமீட்டர் இடைவெளியைத் தேனீக்கள் நடைபாதையாக விட்டுவிடும். அதைவிடக் குறுகலானால் பிசினால் அடைக்கும், அகலமானால் அடை கட்டும். பெட்டிக்குள் அடையைத் தாங்கும் மரச்சட்டங்களைச் சுற்றி அந்த இடைவெளியை விட்டதும், ஒவ்வொரு அடையையும் தனியாகத் தூக்க முடிந்தது.

வைக்கோல் கூடை இன்னும் முழுதாக மறையவில்லை. ஜெர்மனியின் லூனபர்க் புதர்வெளியில் அதில் தேனீ வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். பெட்டி வைத்திருப்பவர்களும், கிளையில் தொங்கும் தேனீக்கூட்டத்தைப் பிடிக்க இதையே எடுத்துப்போவதுண்டு. சொரசொரப்பான உட்புறத்தைப் பற்றிக்கொள்வது தேனீக்கு எளிது.