கோடிட்ட இடத்தில் மட்டும் கண்ணில் படும் இலக்கணம்

சீனாவின் கல்லூரி நுழைவுத் தேர்வான காவ்காவ் ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 7-ஆம் தேதி வாக்கில் தொடங்கும். ஒரு கோடிப் பேருக்கு மேல் எழுதுகிறார்கள். அதில் ஆங்கிலத்துக்கு 150 மதிப்பெண். கணக்குக்கும் அதே 150, தாய்மொழிக்கும் அதே 150. ஆங்கிலத் தாளில் ஒரு சின்னப் பகுதி உண்டு. சுமார் 200 சொற்களில் ஒரு பத்தி, அதில் பத்துக் கோடிட்ட இடங்கள். சில கோடுகளுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஒரு சொல் இருக்கும், அதைச் சரியான வடிவத்துக்கு மாற்றி எழுத வேண்டும். மற்றவை வெறுங்கோடுகள். 'தி', 'ஆஃப்', 'விச்' போன்ற சொற்களை மாணவரே யோசித்துப் போட வேண்டும்.

'போன கோடையில் என் தாத்தா' என்று வாக்கியம் தொடங்குகிறது என்று வையுங்கள். பிறகு ஒரு கோடு, பக்கத்தில் 'ப்ளாண்ட்'. நன்றாகத் தயாரான மாணவி இதற்கெல்லாம் யோசிக்கவே மாட்டாள், 'ப்ளாண்டட்' என்று எழுதிவிட்டுப் போய்விடுவாள். அடுத்த கோட்டுக்குப் பக்கத்தில் 'ட்ரீ'. அதற்கு முன்னால் 'பல' என்ற சொல் இருக்கிறது. 'ட்ரீஸ்' என்று எழுதுவாள். பத்துக்குப் பத்து. அதே மாணவி ஒரு வெளிநாட்டவரிடம் பேசும்போது 'எஸ்டர்டே ஐ கோ' என்பாள். இதற்குச் சீனாவில் 'யாபா யிங்யூ' என்றே பெயர் உண்டு, ஊமை ஆங்கிலம். தைரியம் போதவில்லை, பேசிப் பழகவில்லை என்பார்கள். இந்த விளக்கம் எனக்கு முழுதாக ஒப்பவில்லை. வாயே திறக்காமல் உட்கார்ந்து படிக்கும்போதும் இதே கோளாறு இருக்கிறது. அதை மில்லிசெகண்ட் கணக்கில் அளந்தும் பார்த்திருக்கிறார்கள்.

ஜியாங் நான் என்ற மொழியியலாளர் 2004-லும் 2007-லும் வெளியிட்ட ஆய்வுகளின் முறை மிக எளிது. கணினித் திரையில் ஒரு வாக்கியம் சொல் சொல்லாக வரும். ஒரு சொல்லைப் படித்ததும் பொத்தானை அழுத்தினால் அடுத்த சொல் வரும். ஒவ்வொரு சொல்லிலும் எவ்வளவு நேரம் நின்றார் என்பது பதிவாகும். சில வாக்கியங்களில் வேண்டுமென்றே பிழை வைத்திருப்பார்கள்: பன்மை வர வேண்டிய இடத்தில் 'காயின்ஸ்' என்பதற்குப் பதில் 'காயின்'. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் அந்த இடத்தில் ஒரு நொடியின் சிறு பகுதி தயங்கினார்கள். சீனர்கள் தயங்கவில்லை; சரியான வாக்கியத்தைப் படித்த அதே வேகத்தில் கடந்து போனார்கள். இத்தனைக்கும் அந்த விதி அவர்களுக்கு நன்றாகத் தெரியும். எழுத்துத் தேர்வு வைத்தால் சரியாகவே எழுதிவிடுவார்கள். இன்னொரு வகைப் பிழையில், அதாவது ஒரு வினைச்சொல்லுக்குப் பின்னால் வரக்கூடாத அமைப்பு வந்தபோது, அவர்களும் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களைப் போலவே தயங்கினார்கள். ஆக, கவனக்குறைவு என்று சொல்லித் தள்ளிவிட முடியாது. பன்மை ஒட்டு என்ற ஒன்று மட்டும் குறிப்பாக அவர்கள் கண்ணில் படாமல் போகிறது.

சாம்பாரில் உப்பு குறைந்தால் நாக்கு சொல்லிவிடும், சமையல் குறிப்பைப் புரட்ட வேண்டியதில்லை. தாய்மொழி இலக்கணம் நமக்கு அப்படித்தான் தெரிகிறது. இந்த மாணவர்களிடம் குறிப்பு இருக்கிறது, நாக்கு இன்னும் பழகவில்லை. கோடிட்ட இடம் என்ன செய்கிறது என்றால், 'இங்கே பார், இங்கே ஏதோ இருக்கிறது' என்று விரல் நீட்டிக் காட்டிவிடுகிறது. உடனே மனம் குறிப்பைப் புரட்டும், விடை வந்துவிடும். படிக்கும்போதும் பேசும்போதும் விரல் நீட்ட யாரும் இல்லை.

சரி, ஏன் பன்மை மட்டும்? இங்கே தமிழர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. 'மூணு புத்தகம் வாங்கினேன்' என்று நாம் சொல்கிறோம், யாரும் முகம் சுளிப்பதில்லை. மூன்று என்று சொன்ன பிறகு 'கள்' எதற்கு? சீன மொழி இதை எல்லாப் பெயர்ச்சொல்லுக்கும் விரித்துவிட்டது. ஆட்களைக் குறிக்கும் சொற்களோடு சில வேளை வரும் 'மென்' என்ற ஒட்டைத் தவிரப் பன்மைக்கென்று எதுவும் கிடையாது. எண்ணிக்கை சொல்லும்போது, எண்ணுக்கும் பொருளுக்கும் நடுவில் ஓர் அளவைச் சொல் வரும். புத்தகத்துக்கு 'பென்', தாளுக்கு 'ஜாங்' என்று பொருளுக்குப் பொருள் மாறும். 'தி', 'எ' விஷயத்தில் நாமும் அவர்களும் ஒரே படகில்தான். தமிழ்வழியில் படித்தவர்களைக் கேட்டால் இந்த இரண்டெழுத்துக் குழப்பத்தைப் பற்றி மணிக்கணக்கில் சொல்வார்கள்.

ஆனால் காலம் காட்டுவதில் நாம் பிரிந்துவிடுகிறோம். போனேன், போகிறேன், போவேன் என்று தமிழ் வினை காலத்தைத் தன் உடம்பிலேயே சுமக்கிறது. சீன வினைச்சொல் நேற்றைக்கும் நாளைக்கும் மாறாது. 'ல' என்று ஒரு சிறு ஒட்டு உண்டு. செயல் முடிந்ததை அது காட்டும். பாடம் தொடங்கிய புதிதில் மாணவர்கள் இதைத்தான் இறந்தகாலம் என்று நினைத்து ஆங்கில '-எட்'டோடு பொருத்திக்கொள்கிறார்கள். அங்கேதான் சறுக்கல். 'நாளைக்குச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம்' என்பதிலும் சீனத்தில் அதே 'ல' வரும். அதற்கும் காலத்துக்கும் நேரடித் தொடர்பில்லை.

தாய்மொழிக்கு இதில் உண்மையிலேயே பங்கு இருக்கிறதா என்று சோதிக்க ஜியாங்கும் கூட்டாளிகளும் 2011-இல் ரஷ்யர்களையும் ஜப்பானியர்களையும் இதே மாதிரி படிக்க வைத்தார்கள். ரஷ்ய மொழியில் பன்மை கட்டாயம், ஜப்பானியத்தில் இல்லை. ரஷ்யர்கள் பிழையில் தயங்கினார்கள், ஜப்பானியர்கள் தயங்கவில்லை. இந்தத் துறையில் இவ்வளவு நேர்த்தியான ஒப்பீடு அபூர்வம்.

பேச்சில் இன்னொரு சிக்கல் சேர்ந்துகொள்கிறது. பொதுச் சீனத்தில் (மாண்டரின்) அசைகள் உயிரில் முடியும், இல்லாவிட்டால் 'ன்', 'ங்', சில இடங்களில் 'ர்'. 'வாக்ட்' என்று இரண்டு மெய்கள் அடுத்தடுத்து வந்து நிற்கும் முடிவு அந்த வாய்க்குப் புதிது. இறந்தகாலமும் பன்மையும் ஆங்கிலத்தில் சரியாக அந்த வால்பகுதியில்தான் உட்கார்ந்திருக்கின்றன. மொழியியலாளர் டோனா லார்டியர் ஒரு சீனப் பெண்ணின் ஆங்கிலத்தைப் பல ஆண்டு இடைவெளி விட்டு மறுபடியும் பதிவு செய்தார். ஆய்வில் அவருக்கு 'பேட்டி' என்று புனைபெயர். அமெரிக்காவில் ஏறத்தாழ 18 ஆண்டுகள் வாழ்ந்த பிறகும், பேச்சில் இறந்தகாலம் வர வேண்டிய இடங்களில் சுமார் 34 சதவீதத்தில்தான் அதைச் சொன்னார். அவருடைய மின்னஞ்சல்களில் இந்த விகிதம் இரண்டு மடங்குக்கும் மேல். 'ஐ', 'மீ', 'ஹி', 'ஹிம்' வேறுபாட்டிலோ ஒரு பிழைகூட இல்லை. எழுத்தில் வருவது பேச்சில் வராததற்கு ஒலி ஒரு காரணம் என்பது தெரிகிறது. ஆனால் 'வென்ட்' மாதிரி வால் இல்லாமல் முழுசாக மாறும் வினைகளிலும் அவர் பல முறை தவறவிட்டார், அதனால் ஒலியை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது.

வயதும் சேர்கிறது. 1989-இல் ஜாக்குலின் ஜான்சனும் எலிசா நியூபோர்ட்டும் அமெரிக்காவில் குடியேறிய 46 சீனர்களையும் கொரியர்களையும் ஆங்கில இலக்கணத்தில் சோதித்தபோது, ஏழு வயதுக்குள் வந்தவர்கள் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்குச் சமமாக இருந்தார்கள். பிறகு வந்தவர்களின் மதிப்பெண் வயதோடு இறங்கியது. சீனப் பள்ளிகள் 2001 முதல் மூன்றாம் வகுப்பில் ஆங்கிலம் தொடங்குகின்றன. ஆனால் குடியேறிய குழந்தையைச் சுற்றி நாள் முழுக்க ஆங்கிலம் ஓடிக்கொண்டிருக்கும், மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு வாரத்தில் சில பாடவேளைகள்தான். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பேச முடியாது.

இனி சொற்கள். 'காவ்காவ் 3500' என்று அச்சிட்ட சொற்பட்டியல் புத்தகம் சீன மாணவர்களின் பையில் தவறாமல் இருக்கும். அகரவரிசைப்படி அடுக்கிய புத்தகங்களில் முதல் பக்கத்திலேயே 'அபாண்டன்' வந்துவிடும், கைவிடு. வருடத்துக்கு நான்கு முறை புத்தாண்டு உறுதிமொழியோடு புத்தகத்தைத் திறந்து, அந்த ஒரு சொல்லைக் கற்று, அது சொன்னபடியே செய்துவிடுவதாக அங்கே ஒரு நிரந்தர நகைச்சுவை. புத்தகத்தின் முன்னட்டைக்குள் எபிங்கவுசின் மறதி வளைகோடு அச்சாகியிருப்பதும் உண்டு. ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மான் எபிங்கவுஸ் பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து தன் மறதியை அளந்து, 1885-இல் வெளியிட்டவர். புதிதாகக் கற்றது முதலில் மளமளவென்று சரிந்து, பிறகு மெதுவாகத் தேய்கிறது என்று கண்டார். மறக்கப்போகும் நேரம் பார்த்து மறுபடி நினைவுபடுத்தினால் ஒவ்வொரு தடவையும் அதிக நாள் தாங்கும். இன்றைய சொற்பயிற்சிச் செயலிகள் இந்த இடைவெளியைத்தான் கணக்குப் போடுகின்றன. இதில் ஏமாற்று எதுவும் இல்லை, நன்றாகவே வேலை செய்கிறது.

பிரச்சினை அளவில் இருக்கிறது. மொழியியலாளர் பால் நேஷன் 2006-இல் கணக்கிட்டபடி, நாவலோ செய்தித்தாளோ துணையின்றிப் படிக்க 8,000 முதல் 9,000 வரை சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து கிளைக்கும் வடிவங்களும் சேர்ந்து ஒரு குடும்பம்) வேண்டும். அப்போதுதான் பக்கத்தில் 98 சதவீதச் சொற்கள் தெரிந்தவையாக இருக்கும், அதாவது 50 சொல்லுக்கு ஒன்று மட்டும் புதிது. 95 சதவீதம் என்றால் 20-க்கு ஒன்று, ஏறக்குறைய இரண்டு வரிக்கு ஒரு முட்டுக்கட்டை. தேர்வுத்தாளில் பட்டியலுக்கு வெளியே ஒரு சொல் வந்தால் பக்கத்திலேயே சீனத்தில் பொருள் கொடுத்துவிடுவார்கள். அதனால் தேர்வில் இந்தப் பள்ளம் தெரிவதில்லை. கல்லூரிக்குப் போய் முதல் ஆங்கிலப் பாடப்புத்தகத்தைத் திறக்கும்போது தெரியும்.

வாசிப்பில் எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு 2003-இல் மின் வாங், கெய்கோ கொடா, சார்லஸ் பெர்ஃபெட்டி மூவரும் செய்தது. ஆங்கிலத்தில் ரோஜாவுக்கான சொல்லும் 'வரிசைகள்' என்பதற்கான சொல்லும் ஒலியில் ஒன்று, எழுத்தில் வேறு. 'இது ஒரு பூவா?' என்று கேட்டுவிட்டு, வரிசைகளுக்கான சொல்லைத் திரையில் காட்டினால்? கொரிய மாணவர்கள் ஒலியில் ஏமாந்து 'ஆம்' என்று அடிக்கடி சொன்னார்கள். சீன மாணவர்கள் அப்படி ஏமாறவில்லை. அவர்களை இடறவைத்தது எழுத்து வடிவத்தின் ஒற்றுமைதான். கொரிய எழுத்து ஒலியை எழுதுவது, சீன எழுத்து அப்படியல்ல. முதல் மொழியைப் படிக்கப் பழகிய கண், அடுத்த மொழிக்கும் அதே பழக்கத்தைக் கொண்டு வருகிறது.

சீனர்களுக்குள்ளேயே இதில் இரு வகை. சீன நிலப்பரப்பில் குழந்தைகள் முதல் வகுப்பில் பின்யின் என்ற ரோமன் எழுத்து முறையில் ஒலிகளைப் பிரித்துக் கற்கிறார்கள். 1958-இல் அரசு ஏற்ற முறை அது, உருவாக்கியவர்களில் முக்கியமானவர் ஜோ யோகுவாங். ஹாங்காங்கில் மரபாக அந்தப் படி கிடையாது, எழுத்தைப் பார்த்து அப்படியே சொல்லிப் பழகுவார்கள். 1996-இல் ஆலிசன் ஹோமும் பார்பரா டாடும் இரு தரப்புப் பல்கலைக்கழக மாணவர்களையும் ஒப்பிட்டபோது, இல்லாத சொற்களை, அதாவது ஆங்கிலம் போல ஒலிக்கும் வெற்றுச் சொற்களைப் படிப்பதில் ஹாங்காங் மாணவர்கள் பின்தங்கினார்கள். தெரிந்த சொல்லில் சிக்கலில்லை. புதுச் சொல்லைக் கண்டால் எழுத்துக் கூட்டத் தடுமாற்றம்.

அப்படியானால் எந்தப் பயிற்சி அந்த நாக்கைப் பழக்கும்? காவ்காவ் தாளில் முன்பு 'பத்தி திருத்தம்' என்று ஒரு கேள்வி இருந்தது. ஒரு சிறு பத்தியில் பத்துப் பிழைகள் ஒளிந்திருக்கும், எங்கே என்று சொல்ல மாட்டார்கள். என் கணக்கில் தாளிலேயே உருப்படியான கேள்வி அதுதான், ஏனென்றால் விரல் நீட்டாமல் தேடவைத்தது. புதிய வினாத்தாள்களில் அதை எடுத்துவிட்டார்கள். பதிலுக்கு வந்தது 'படித்துத் தொடர்' என்ற கேள்வி. இது 2016-இல் ஜெஜியாங் மாகாணத்தில் தொடங்கியது: முடிவு வெட்டப்பட்ட ஒரு கதையைப் படித்துவிட்டு, மாணவரே இரண்டு பத்திகளில் அதை முடிக்க வேண்டும்.

இதற்குப் பின்னால் இருந்தவர் குவாங்டாங் மாகாணத்தைச் சேர்ந்த மொழியியலாளர் வாங் சூமிங். 2015-இல் அவரும் சகா ஒருவரும் வெளியிட்ட சோதனையில், சீன மாணவர்கள் பாதிக் கதையை ஒரு முறை ஆங்கிலத்திலும், வேறொரு கதையைச் சீனத்திலும் படித்தார்கள். இரண்டையும் ஆங்கிலத்தில்தான் தொடர்ந்து எழுதினார்கள். ஆங்கிலத்தில் படித்துவிட்டு எழுதியபோது பிழைகள் கணிசமாகக் குறைந்தன, பன்மையிலும் காலத்திலும்கூட. படித்த பத்தியில் அடிக்கடி கண்ட வடிவங்களில்தான் குறைவு அதிகம். விதி யாரும் சொல்லித் தரவில்லை. கதாபாத்திரம் அடுத்து என்ன செய்யும் என்று யோசித்தபடி மாணவி மேலே உள்ள பத்தியைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறாள்; அங்கே எல்லா வினைகளும் இறந்தகாலத்தில் இருக்கின்றன; அவள் எழுதுவதும் அப்படியே வருகிறது.