கவர்ச்சியாக, லட்சணமாக, நயம்பட

ஒரு துணிக்கடை விளம்பரத்தைத் தமிழில் திருத்தித் தரச் சொன்னார்கள். ஆங்கில மூலத்தில் 'அட்ராக்டிவ்லி பிரைஸ்டு' என்று இருந்தது. எனக்கு முன்னால் பார்த்தவர் அதைக் 'கவர்ச்சிகரமான விலையில்' என்று எழுதியிருந்தார். அதோடு விட்டாரா? அதே தாளில் புடவையும் கவர்ச்சிகரம், பொம்மைகளை நிறுத்திய விதமும் கவர்ச்சிகரம். 'சார்மிங்லி', 'ஃபாசினேட்டிங்லி', 'அல்லூரிங்லி' எது வந்தாலும் நம் கை போவது இந்த ஒரே சொல்லுக்குத்தான்.

முதலில் 'அட்ராக்ட்'. லத்தீனில் 'டிராஹெரே' என்றால் இழுத்தல். டிராக்டர் பிறந்ததும் அதே வேரில்தான். 15ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் இது வைத்தியர்களின் சொல்லாக இருந்தது. கட்டிக்குப் பத்துப் போட்டால் சீழை இழுக்கும் என்கிறோமே, அந்த இழுப்பு. அழகின் இழுப்பெல்லாம் பிறகு வந்தது. இதற்கு நேரான தமிழ் வேர் 'ஈர்'. ஈர்த்தல் என்றாலே இழுத்தல். ஆகவே 'அட்ராக்டிவ்லி'க்கு 'ஈர்க்கும் வகையில்' என்பதே ஒட்டிவரும் தமிழ்.

'கவர்' அப்படியல்ல. (கல்யாண வீட்டில் மொய் வைத்துக் கொடுக்கும் கவர் வேறு!) அது எடுத்துக்கொள்ளும் சொல், சில இடங்களில் திருடும் சொல். 'கனியிருப்பக் காய்கவர்ந் தற்று' என்ற குறளில் காயை எடுத்துத் தின்பதுதான் கவர்தல். சம்பந்தரின் முதல் பதிகத்தில் சிவன் 'உள்ளங்கவர் கள்வன்'. தொல்காப்பிய உரியியலோ 'கவர்வு விருப்பாகும்' என்கிறது. எடுப்பதும் விரும்புவதும் ஒரு சொல்லுக்குள் இருந்திருக்கின்றன. எவ்வளவு நல்ல சொல்! சினிமா போஸ்டர்கள் அதன் துணியைக் குறைத்துவிட்டன. இன்று 'அவர் கவர்ச்சியாக வந்தார்' என்று எழுதிப் பாருங்கள், படிப்பவர் மனதில் என்ன ஓடும்? அதனால் ஆட்களைப் பற்றி எழுதும்போது நான் இதைத் தொடுவதில்லை. 'கண்கவர்', 'மனங்கவர்' என்று முன்னால் ஒரு சொல் சேர்ந்தால் பழைய மரியாதை திரும்பிவிடுகிறது.

அந்தப் போஸ்டர் கவர்ச்சிக்கு ஆங்கிலத்தில் 'கிளாமர்'. இதன் கதைதான் எனக்கு மிகவும் பிடித்தது. 'கிராமர்' என்ற சொல்லை ஸ்காட்லாந்துக்காரர்கள் திரித்துச் சொன்னதில் வந்தது 'கிளாமர்'. இலக்கணம்தான் கவர்ச்சி ஆனது! எழுத்தறிவு அரிதாக இருந்த காலத்தில் படித்தவனுக்கு மந்திரமும் தெரியும் என்று ஊர் நம்பியது. 'கிளாமர்' என்றால் கண்கட்டு வித்தை. வால்டர் ஸ்காட்டின் எழுத்து வழியே அது ஆங்கிலம் முழுக்கப் பரவி, பிறகு மினுமினுப்பான அழகுக்குப் பெயரானது. இலக்கணத்துக்கும் அழகுக்கும் என்ன சம்பந்தம் என்று சிரிக்கும் முன் நம் வீட்டையும் பார்ப்போம். 'லக்ஷண' என்ற ஒரே வடசொல்தான் புலவரிடம் 'இலக்கணம்' ஆகவும், பெண் பார்க்கப் போன பாட்டியிடம் 'பொண்ணு லட்சணமா இருக்கா' ஆகவும் வந்து சேர்ந்தது. அந்த 'லட்சணமாக'வில் மினுமினுப்பு கிடையாது, பாந்தம் உண்டு. 'பிரிட்டிலி' என்று வரும் பல இடங்களில் அது அழகாகப் பொருந்தும்.

'சார்ம்' லத்தீன் 'கார்மென்' வழி வந்தது. பாட்டு, மந்திரப் பாட்டு என்று பொருள். 'என்சாண்ட்' என்பதிலும் பாடுதல்தான் இருக்கிறது. மகுடிக்கு மயங்கும் பாம்பை வைத்திருக்கும் நமக்கு 'மயக்கும்படி' கைவசம் இருக்கிறது. 'ஃபாசினேட்' இன்னும் வேடிக்கை: ரோமானியரிடம் அது கண் வைத்துக் கட்டிப்போடுவது. கண்ணேறு தட்டாமல் இருக்க அவர்கள் அணிந்த தாயத்துக்கு 'ஃபாசினும்' என்று பெயர். அங்கே தாயத்து, இங்கே வாசலில் பூசணிக்காய். ஆனால் இன்றைய பொருளில் பார்க்கிறவன்தான் கட்டுண்டு நிற்கிறான். ஆகவே 'கண்ணை எடுக்க முடியாதபடி' என்று விரித்துச் சொல்வதே மேல்.

'அல்லூர்' வேட்டைக்காரர் சொல். பறந்துபோன வல்லூறைத் திரும்ப அழைக்க, இறகுக் கொத்தில் இறைச்சி கட்டிச் சுழற்றிக் காட்டுவார்கள். அதுதான் 'லூர்'. தமிழில் இதற்குப் பக்கத்துச் சொல் 'பார்வை'! பழைய தமிழில் பார்வை என்றால் மற்ற மானைப் பிடிக்கப் பழக்கிக் கட்டிவைத்த மான். புறநானூறு 320இல் வேட்டுவன் தூங்க, அந்தப் 'பார்வை மடப்பிணை'யோடு ஒரு கலைமான் வந்து விளையாடும். அசைந்தால் கணவன் விழிப்பான், மான் ஓடும் என்று மனைவி சத்தமில்லாமல் இருப்பாள். ஆனால் இன்று 'பார்வையாக' என்று எழுதினால் யாருக்கும் புரியாது. 'ஆசைகாட்டும்படி' போதும்.

ஆங்கிலத்தின் 'லி' என்ற வால் பழைய ஆங்கிலத்தில் உடலைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. நம் வால்கள் வினைகள்: ஆகு, உறு, படு. அதனால் 'அழகாக', 'அழகுற', 'நயம்பட' மூன்றும் மூன்று நடை. 'கவர்ச்சிகரமாக' என்பதன் 'கரம்' வடமொழி ஒட்டு, தேவையில்லாத சுமை. ஔவையின் 'ஞயம்பட உரை'யில் உள்ள நயம், மளிகைக்கடையில் 'நயம் புளி'யாக இன்னும் உயிரோடு இருக்கிறது.

சரி, அந்த விளம்பரம்? புடவை 'கண்கவர்', பொம்மைகள் 'அழகுற', விலைக்குச் 'சகாய விலையில்' என்று மாற்றிக் கொடுத்தேன். கடைக்காரர் மூன்றாவதை மட்டும் பெரிய எழுத்தில் போட்டார்.