இருமினால் கசிகிறதா, அவசரத்தில் கசிகிறதா?

இருமும்போது சேலை நனைவதையும், பாத்ரூம் கதவைத் திறப்பதற்குள் போய்விடுவதையும் 'யூரின் லீக்' என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். கோளாறு வேறு, வைத்தியமும் வேறு.

பெரியவர்களின் சிறுநீர்ப்பை 400 முதல் 500 மி.லி. வரை கொள்ளும். நிரம்பும் வரை பையின் தசை தளர்ந்தும், வாயிலுள்ள சுருக்குத்தசை இறுகியும் இருக்க வேண்டும். அடியில் தொட்டில்போலத் தாங்குவது இடுப்புத்தளத் தசை. பிரசவத்தால் அது தொய்ந்தால் தும்மல், சிரிப்பு, குடம் தூக்குவது என வயிற்றில் அழுத்தம் ஏறும்போதெல்லாம் கசியும். இது அழுத்தக் கசிவு. பை நிரம்பும் முன்பே தானாகச் சுருங்கினால் அவசரக் கசிவு. இரண்டும் சேர்ந்தே இருப்பவர்களும் உண்டு.

இன்னொன்று நிரம்பி வழிவது. பைக்குக் கீழே உள்ள புராஸ்டேட் சுரப்பி வீங்கிய ஆண்களுக்கும், நெடுநாள் சர்க்கரையால் நரம்பு கெட்டவர்களுக்கும் பை முழுதாகக் காலியாகாது. இவர்கள் அவசரக் கசிவு மாத்திரையைப் போட்டால் சிறுநீர் அடியோடு அடைத்துக்கொள்ளலாம். சிறுநீர் போய்விட்டு வந்ததும் ஸ்கேனில் மிச்சம் எவ்வளவு என்று பார்ப்பது இதற்காகத்தான்.

பெண்கள் மகப்பேறு மருத்துவரிடமே தொடங்கலாம், ஆண்களுக்கு யூராலஜி, அதாவது சிறுநீர்ப் பாதை மருத்துவர். (சிறுநீரக நோய்களைப் பார்க்கும் நெஃப்ராலஜி ஓ.பி.யில் வரிசையில் நின்று திரும்புகிறவர்கள் நிறைய.) போகுமுன் மூன்று நாள் கணக்கு எழுதுங்கள். மி.லி. கோடு போட்ட பிளாஸ்டிக் கப் ஒன்று போதும். எத்தனை மணிக்கு எவ்வளவு குடித்தீர்கள், எவ்வளவு போனது, கசிந்தபோது என்ன செய்துகொண்டிருந்தீர்கள். பிரஷருக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிட்டால் அதையும் சொல்லுங்கள்.

அழுத்தக் கசிவுக்கு முதல் வைத்தியம், இடுப்புத்தளத் தசையை வலுவாக்கும் கீகல் பயிற்சி. காற்றுப் பிரியாமல் அடக்குவதுபோல ஆசனவாயை உள்ளே, மேலே இழுங்கள். ஐந்து விநாடி பிடித்து, ஐந்து விநாடி முழுதாகத் தளர்த்துங்கள். ஒரு வேளைக்கு எட்டு முறை, நாளைக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம். பலன் கிடைக்காதவர்களில் பலர் மூச்சைப் பிடிக்கிறார்கள், தொடையை இறுக்குகிறார்கள், அல்லது முக்குகிறார்கள். முக்கினால் தொட்டில் மேலும் தொய்யும். வயிற்றில் கை வைத்துப் பாருங்கள். வயிறு புடைத்தால் தவறு. சிறுநீர் போகும்போது பாதியில் நிறுத்திப் பழகுவதும் கூடாது, பை காலியாகாமல் போகும்.

அவசரக் கசிவுக்குப் பையைப் பழக்க வேண்டும். மணிக்கொரு முறை போகிறவர் முதலில் 15 நிமிடம் தள்ளிப்போடட்டும். அது பழகியதும் இன்னொரு 15. ஆறு வாரமாவது ஆகும். காபி, டீயைக் குறைக்கலாம், தண்ணீரை அல்ல. சிறுநீர் அடர்ந்தால் பை இன்னும் எரிச்சலடையும், மலச்சிக்கலும் சேரும். பிறகுதான் மாத்திரை. ஆக்ஸிபியூட்டினின் வாயை உலர்த்தும், முதியவர்களுக்கு மனக்குழப்பம் தரலாம். மிராபெக்ரான் அப்படிச் செய்யாது, ஆனால் பிரஷர் ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும்.

சிறுநீரில் ரத்தம் வந்தால் காத்திருக்காதீர்கள். முதுகுவலியோடு தொடை இடுக்கு மரத்துப்போய்ச் சிறுநீரும் கட்டுப்படாவிட்டால் அன்றைக்கே எமர்ஜென்சிக்குப் போக வேண்டும். கடினமான பிரசவத்துக்கோ கர்ப்பப்பை எடுத்த ஆபரேஷனுக்கோ பிறகு இரவுபகலாகச் சொட்டினால், பைக்கும் பிறப்புறுப்புக்கும் இடையே ஓட்டை விழுந்திருக்கலாம். அதைக் கீகல் அடைக்காது, பெரும்பாலும் தையல்தான்.