புழுக்கத்தைப் போக்கும் பொறி

மே மாத நண்பகலில் வேலூரில் 42 டிகிரி வெயில் கொளுத்தினாலும், வேப்பமர நிழலில் ஒதுங்கி ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தால் சற்றே மூச்சு விட முடிகிறது. அதே நாள் மாலையில் சென்னையில் 34 டிகிரிதான் இருக்கும். ஆனாலும் மின்விசிறிக்குக் கீழே அசையாமல் உட்கார்ந்திருப்பவரின் சட்டைகூட முதுகோடு ஒட்டிக்கொள்கிறது. வெப்பமானி எட்டு டிகிரி குறைவாகக் காட்டும் ஊரில் அவதி ஏன் கூடுகிறது என்பது விளங்கிவிட்டால், ஏசி என்ற இயந்திரம் உண்மையில் என்ன செய்கிறது, அதை எப்படிப் பயன்படுத்துவது சரி, யாருக்கு அது கட்டாயம் தேவை என்பவையும் விளங்கிவிடும்.

சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடல் ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை ஓயாமல் உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. வேலை செய்தால் அது பல மடங்காகும். உடலின் உள்வெப்பநிலை 37 டிகிரியை ஒட்டியே நிற்க வேண்டுமானால், உண்டாகும் வெப்பம் உடனுக்குடன் வெளியேறியாக வேண்டும். தோலின் வெப்பநிலை ஏறத்தாழ 35 டிகிரி என்பதால், சுற்றியுள்ள காற்று 25 டிகிரியில் இருக்கும்போது வெப்பம் தானாகவே தோலிலிருந்து காற்றுக்குப் போய்விடுகிறது. காற்றும் 35 டிகிரியை எட்டிவிட்டால் அந்த வழி அடைபடுகிறது. அதற்கு மேலே போனால் காற்றிலிருந்து உடலுக்கு வெப்பம் ஏறத் தொடங்குகிறது. அப்போது எஞ்சியிருக்கும் ஒரே வழி வியர்வை. ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. ஓய்வில் இருப்பவரின் 100 வாட் முழுவதையும் வியர்வையாலேயே வெளியேற்ற, மணிக்கு 150 மில்லி லிட்டர் ஆவியானால் போதும்.

ஆவியானால் என்பதுதான் இங்கே முக்கியம். தோலில் வழிந்து தரையில் சொட்டும் வியர்வையால் உடலுக்குப் பயன் இல்லை. அது வீணாய்ப் போன தண்ணீரும் உப்பும்தான். தோலின் மேலுள்ள நீராவி அழுத்தத்துக்கும் காற்றிலுள்ள நீராவி அழுத்தத்துக்கும் இடையே எவ்வளவு வேறுபாடு இருக்கிறதோ, அந்த அளவுக்கு வியர்வை வேகமாக ஆவியாகும். 42 டிகிரியும் 20 சதவீத ஈரப்பதமும் உள்ள வேலூர்க் காற்றையும், 34 டிகிரியும் 70 சதவீத ஈரப்பதமும் உள்ள சென்னைக் காற்றையும் எடுத்துக்கொண்டு கணக்கிட்டால், சென்னையில் அந்த வேறுபாடு வேலூரில் இருப்பதில் பாதிதான். பிற்பகலில் வெயிலின் கடுமையைத் தணிக்கும் கடற்காற்று, கூடவே வங்கக் கடலின் ஈரத்தையும் சுமந்து வருகிறது. உலர்ந்த ஊரின் வெயிலும் ஆபத்தானதே. அங்கே வியர்வை கண்ணில் படாமலேயே காய்ந்துவிடுவதால், உடல் எவ்வளவு நீரை இழந்தது என்பதே பலருக்குத் தெரிவதில்லை. இரண்டு ஊர்களுக்கும் ஒரே அறிவுரை பொருந்தாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

வெப்பம், ஈரம் ஆகிய இரண்டையும் சேர்த்து அளக்க ஓர் எளிய முறை உண்டு. வெப்பமானியின் குமிழில் ஈரத் துணியைச் சுற்றி, காற்றோட்டத்தில் வைத்தால் அது காட்டும் அளவே ஈரக்குமிழ் வெப்பநிலை. வியர்வையால் நனைந்த ஓர் உடல் அந்தக் காற்றில் எதுவரை குளிர முடியும் என்பதை அது ஏறத்தாழச் சொல்லிவிடுகிறது. மேலே சொன்ன வேலூர்க் காற்றுக்கு அது 24 டிகிரி. சென்னைக் காற்றுக்கு 29. ஈரக்குமிழ் வெப்பநிலை 35 டிகிரியைத் தாண்டினால், நிழலில் சும்மா இருக்கும் மனிதரும் சில மணி நேரத்துக்கு மேல் தாங்க முடியாது என்று ஸ்டீவன் ஷெர்வுட், மேத்யூ ஹ்யூபர் ஆகிய காலநிலை ஆய்வாளர்கள் இருவரும் 2010-இல் கணித்துக் காட்டினர். பின்னர் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடந்த சோதனைகளின் முடிவு 2022-இல் வெளியானபோது, இளமையும் உடல்நலமும் உள்ளவர்களுக்கே ஈரமான காற்றில் அந்த எல்லை ஏறத்தாழ 31 டிகிரிதான் என்று தெரியவந்தது. சென்னையின் 29 அதற்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதைப் பார்த்தால், புழுக்கத்தை வெறும் அசௌகரியம் என்று ஒதுக்கிவிட முடியாது.

மின்விசிறி காற்றைக் குளிர்விப்பதில்லை. தோலை ஒட்டி நிற்கும் ஈரமான காற்றை விலக்கிவிட்டு வேறு காற்றைக் கொண்டுவருகிறது. அதனால் வியர்வை விரைந்து ஆவியாகிறது. ஈரமான ஊர்களில் இது பெரிய உதவி. காற்று 40 டிகிரிக்கு மேல் போய்விட்டால் விசிறி உடலைச் சூடேற்றவே செய்யும் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. ஏர் கூலரின் நிலை இதற்கு மாறானது. தண்ணீரை ஆவியாக்கிக் காற்றைக் குளிர்விக்கும் அந்தப் பெட்டி வேலூரிலும் மதுரையிலும் நன்றாக உழைக்கும். சென்னையிலோ தூத்துக்குடியிலோ மூடிய அறைக்குள் வைத்தால், ஏற்கெனவே தாங்க முடியாத ஈரத்தோடு மேலும் ஈரத்தைச் சேர்க்கும். கடலோர ஊர்களில் ஆசையாக வாங்கிய ஏர் கூலர்கள் இரண்டாவது கோடையில் பரணுக்குப் போவதற்கு இதுவே காரணம்.

ஏசி பிறந்ததே ஈரத்தை அடக்கத்தான். 1902-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் இருந்த சாக்கெட்–வில்ஹெல்ம்ஸ் அச்சகத்தில், கோடைக் காற்றின் ஈரத்தால் தாள் விரிவதும் சுருங்குவதுமாக இருந்தது. ஒரு நிறத்தின் மேல் அடுத்த நிறத்தை அச்சிடும்போது இரண்டும் சரியாகப் பொருந்தவில்லை. இதற்குத் தீர்வு காணும் பொறுப்பு, அப்போது 25 வயதான வில்லிஸ் கேரியர் என்ற பொறியாளரிடம் வந்தது. குளிர்ந்த குழாய்களின் மேல் காற்றைச் செலுத்தினால், காற்றிலுள்ள நீராவி அவற்றின் மேல் தண்ணீராகப் படிந்துவிடும். குழாய்களின் குளிர்ச்சியைக் கட்டுப்படுத்தினால் காற்றின் ஈரத்தையும் கட்டுப்படுத்தலாம் என்பதே அவருடைய வழி. மனிதர்களின் சுகத்துக்காக இந்த இயந்திரம் வந்தது பிறகுதான்.

இன்றைய ஸ்பிலிட் ஏசியின் உள்ளேயும் அதே வேலைதான் நடக்கிறது. சுவரில் மாட்டிய பெட்டிக்குள் இருக்கும் காயில் என்ற குழாய்ச் சுருளில், ஆர்-32 போன்ற கேஸ் குறைந்த அழுத்தத்தில் திரவ நிலையிலிருந்து ஆவியாகிறது. அதற்கு வேண்டிய வெப்பத்தை அறைக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. அந்த ஆவியை வெளியே இருக்கும் கம்ப்ரஸர் அழுத்திச் சூடாக்க, அது வெளிக்காற்றை விடவும் சூடாகிவிடுவதால் வெப்பத்தை வெளியே விட்டுவிட்டு மறுபடியும் திரவமாகிறது. ஏசி குளிரை உண்டாக்குவதில்லை. வெப்பத்தை அறையிலிருந்து எடுத்துத் தெருவில் கொட்டுகிறது. ஒரு டன் ஏசி என்றால், 907 கிலோ பனிக்கட்டி ஒரு நாள் முழுவதும் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ அவ்வளவு வெப்பத்தை எடுக்கும் திறன், அதாவது ஏறத்தாழ 3.5 கிலோவாட். பனிக்கட்டியால் குளிர்ச்சியை அளந்த காலத்தின் எச்சம் அது. 1842-இல் கட்டப்பட்டு, பாஸ்டனிலிருந்து கப்பலில் வந்த ஏரிப் பனிக்கட்டியைச் சேமித்து வைத்த சென்னையின் ஐஸ் ஹவுஸ் இன்று விவேகானந்தர் இல்லமாக நிற்கிறது.

அறைக்குள் எவ்வளவு தண்ணீர் மிதக்கிறது என்பதைப் பார்க்கலாம். பத்துக்குப் பன்னிரண்டு அடி, பத்தடி உயரமுள்ள படுக்கையறையில் 34 கன மீட்டர் காற்று இருக்கும். மேலே சொன்ன சென்னை மாலையில் அந்தக் காற்றில் ஏறத்தாழ 900 கிராம் நீராவி இருக்கும். ஏசி ஓடி, அறை 26 டிகிரிக்கும் 55 சதவீத ஈரப்பதத்துக்கும் வந்தால், அதில் பாதிதான் மிஞ்சும். மீதி அரை லிட்டர் டிரெயின் பைப் வழியாக வெளியேறியிருக்கும். கதவிடுக்கிலும் சன்னல் இடுக்கிலும் ஈரக்காற்று நுழைந்துகொண்டே இருக்கும். அறையில் இருப்பவர்களின் மூச்சும் வியர்வையும் ஈரத்தைச் சேர்த்துக்கொண்டே இருக்கும். ஆகவே அந்தப் பைப் நிற்காமல் சொட்டுகிறது. அதன் கீழே ஒரு வாளியை வைத்து, புழுக்கமான இரவு ஒன்றுக்குப் பிறகு காலையில் போய்ப் பார்த்தால், ஏசியின் உழைப்பு கண்ணுக்கு முன்னால் தெரியும். இந்த நீரை இறக்கவே ஏசியின் திறனில் கால் பங்குக்குக் குறையாமல் செலவாகிறது.

இதைப் புரிந்துகொண்டால், ரிமோட்டை எடுத்ததும் 18-இல் வைக்கும் பழக்கம் ஏன் பயனற்றது என்பதும் தெரியும். 18-இல் வைப்பதால் அறை விரைவாகக் குளிராது; ஏசி தன் முழுத் திறனுக்கு மேல் உழைக்க முடியாது. 18 என்பது எப்போது நிறுத்துவது என்ற கட்டளை மட்டுமே. கடலோரக் கோடையில் பல அறைகள் அந்த அளவை எட்டுவதே இல்லை என்பதால் கம்ப்ரஸர் ஓய்வில்லாமல் ஓடுகிறது. 26 டிகிரியில் வைத்து, மின்விசிறியையும் மெதுவாகச் சுழலவிட்டால், காற்றோட்டம் இரண்டு மூன்று டிகிரி குறைந்தது போன்ற சுகத்தைத் தருகிறது. ஒரு டிகிரி உயர்த்தி வைத்தால் மின்சாரச் செலவு 6 சதவீதம் அளவுக்குக் குறைகிறது என்கிறது மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம். நட்சத்திரக் குறியீடு பெறும் ஏசிகள் 24 டிகிரி என்ற தொடக்க அமைப்போடுதான் விற்பனைக்கு வர வேண்டும் என்ற விதியும் 2020 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளது.

இதில் ஒரு நுட்பம் உண்டு; விற்பனையாளர்கள் இதைச் சொல்வது அரிது. சிறிய அறைக்குப் பெரிய ஏசியை மாட்டினால், அது காற்றைச் சில நிமிடங்களில் குளிர்வித்துவிட்டு, ஈரத்தை எடுக்க நேரமின்றிக் கம்ப்ரஸரை நிறுத்திவிடும். உள்ளே விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருக்க, காயிலில் படிந்த தண்ணீர் மறுபடியும் அறைக்குள்ளேயே ஆவியாகும். குளிர்ச்சியும் பிசுபிசுப்பும் சேர்ந்த அந்த அறையில் இருப்பவர் புழுக்கம் போகவில்லை என்று எண்ணி மேலும் இரண்டு டிகிரி குறைக்கிறார். அறைக்குப் பொருந்தும் அளவும், தேவைப்படும்போது, ஈரத்தை எடுப்பதையே முதன்மையாகச் செய்யும் டிரை மோடும் இதற்குச் சரியான தீர்வு.

ஏசி உடம்புக்கு ஆகாது, சளி பிடிக்கும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதை முழுக்கத் தள்ளிவிட வேண்டியதில்லை. சளிக்குக் காரணம் குளிரன்று, கிருமிதான். ஆனால் வீட்டு ஸ்பிலிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை, அறைக் காற்றையே திரும்பத் திரும்பச் சுழற்றுகிறது. நான்கு பேர் மூச்சு விடும் மூடிய அறையில் ஒருவருக்கு இருமல் இருந்தால் மற்றவர்களுக்கும் பரவ வாய்ப்பு மிகுதி. அவ்வப்போது கதவைத் திறப்பதும் ஃபில்டரைக் கழுவுவதும் இதனால்தான் அவசியம். வெயில் பழகிவிடும் என்ற சொல்லிலும் உண்மை இருக்கிறது. ஒன்றிரண்டு வாரம் வெயிலில் உழைக்கும் உடலில் இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது, வியர்வை சீக்கிரமே சுரக்கத் தொடங்குகிறது, அதில் உப்பின் அளவு குறைகிறது. நாள் முழுவதும் ஏசியிலேயே இருப்பவருக்கு இந்தப் பழக்கம் வராது.

ஆனால் அந்தப் பழக்கத்துக்கு எல்லை உண்டு. வயது ஏற ஏற வியர்வைச் சுரப்பிகளின் வேகமும் தாக உணர்வும் குறைகின்றன; இதய நோயாளிகள் பலர் உடல் நீரை வெளியேற்றும் மாத்திரைகளை எடுக்கிறார்கள். இவர்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் புழுக்கமான இரவில் சில மணி நேர ஏசி என்பது ஆடம்பரம் இல்லை, உயிர்காப்பு. வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழக அரசு 2024 அக்டோபரில் அறிவித்திருப்பதும் இந்த ஆபத்தை உணர்ந்துதான். அதே வேளையில், ஒன்றரை டன் ஏசி ஒவ்வொன்றும் முழுத் திறனில் ஓடும்போது, அறையின் வெப்பத்தோடு தன் மின்சாரத்தின் வெப்பத்தையும் சேர்த்து ஏறத்தாழ 6.5 கிலோவாட்டை வெளியே கொட்டுகிறது. 2019-இல் மத்திய அரசு வெளியிட்ட குளிரூட்டல் செயல்திட்டத்தின்படி இந்திய வீடுகளில் ஏறத்தாழ 8 சதவீதத்தில்தான் ஏசி இருந்தது. குறுகிய சந்துகளில் ஒருவர் வீட்டு அவுட்டோர் யூனிட்டின் வெப்பம், ஏசி இல்லாத எதிர்வீட்டுச் சன்னலுக்குள் போகிறது. ஏசி வேண்டாம் என்று சொல்வதைவிட, ஏசிக்கு வரும் வேலையைக் குறைப்பதே நியாயமான வழி என்று நான் கருதுகிறேன்.

அந்த வேலையில் பெரும்பகுதி மொட்டை மாடியிலிருந்து வருகிறது. உச்சி வெயில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1,000 வாட் என்பதால், நாம் பார்த்த அந்த அறையின் தளத்தில் மட்டும் 11 கிலோவாட் விழுகிறது. வெறும் கான்கிரீட் அதில் பாதிக்கு மேல் உறிஞ்சி, பல மணி நேரம் கழித்து, நாம் படுக்கப் போகும் வேளையில் கூரையின் அடிப்பக்கமாக வெளிவிடுகிறது. மேல்தளத்து வீடுகளில் இரவு பத்து மணிக்கு மின்விசிறி அனல் வீசுவது இதனால்தான்: கூரையை ஒட்டித் தேங்கிய சூடான காற்றை அது கீழே தள்ளுகிறது, சூடான கூரையின் கதிர்வீச்சும் நேராக உடல்மேல் விழுகிறது. பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் தேக்குக் கட்டைகளின் மேல் செங்கல்லை நிறுத்தி அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடித்து, தட்டையான ஓடுகளைப் பதித்தார்கள். அந்தத் தடித்த தளத்தின் வழியே வெப்பம் மெல்லத்தான் இறங்கும். ஐந்து அங்குலக் கான்கிரீட் தளத்துக்கு அந்தத் தடிப்பு கிடையாது. ஆனால் அதன் மேல் சுண்ணாம்போ வெள்ளை நிற வெப்பத் தடுப்புப் பெயிண்டோ பூசினால், புதிதாக இருக்கும்போது வெயிலில் 70 சதவீதத்துக்கு மேல் வந்த வழியே திரும்பிவிடும். வெள்ளைத் தளத்தில் தூசியும் பாசியும் படியப் படிய இந்தப் பயன் குறையும். ஆகவே மழைக்காலத்துக்குப் பிறகு, மார்ச் தொடங்குவதற்குள் தளத்தைத் தேய்த்துக் கழுவி, உதிர்ந்த இடங்களில் மறுபடி பூசிவிட வேண்டும்.