பிளக்கைப் பிடுங்கிவிட்டால் டிவிக்குள் கரண்ட் இருக்காது என்று யார் சொன்னது?

மாங்காய் சீசனில் கிருஷ்ணகிரி பக்கம் இடிமழை அடித்தால் மறுநாள் காலை எங்கள் டிவி ரிப்பேர் கடைக்கு டிவிகள் வரிசையாக வந்துவிடும், வருஷா வருஷம் நடப்பதுதான். இந்த முறை காவேரிப்பட்டணம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த ஒரு டிவியோடு, வலது கை விரல்களில் கட்டுப் போட்டுக்கொண்டு ஒரு காலேஜ் பையனும் வந்தான். ஆன் ஆகாத டிவியைக் கட்டிலில் கவிழ்த்துப் போட்டு, செல்போனில் வீடியோ பார்த்துக்கொண்டே பின்மூடியைக் கழற்றி, போர்டைக் கையால் தூக்கியிருக்கிறான். அடித்த அடியில் பின்னால் போய் பீரோவில் மோதி மண்டையில் தையல். "பிளக்கைப் பிடுங்கிட்டுத்தாண்ணா தொட்டேன்" என்றான். எனக்குக் கோபமும் வந்தது, வயிறும் கலங்கியது. இதையே எத்தனை பேர் வாயிலிருந்து கேட்பது?

பிளக்கைப் பிடுங்கினால் வயரில் கரண்ட் இருக்காது, அவ்வளவுதான். டிவிக்குள் பவர் சப்ளை போர்டில் கட்டைவிரல் பருமனுக்கு ஒரு பெரிய கண்டன்சர், அதாவது கரண்டைச் சேர்த்து வைக்கிற பாகம், நிற்கும். சுவரிலிருந்து வருகிற 230 வோல்ட் உள்ளே போனதும் டிசியாக மாறி அதில் ஏறக்குறைய 325 வோல்ட்டாக நிரம்பி நிற்கும், பெரிய செட்டுகளில் 380, 400 வரைக்கும் போகும். மோட்டாரை நிறுத்தியவுடன் மாடித் தொட்டியில் இருக்கிற தண்ணீர் காணாமல் போய்விடுமா? யாராவது குழாயைத் திறந்தால்தானே காலியாகும். நன்றாக ஓடுகிற டிவியில் மற்ற சர்க்யூட்டுகள் அந்த மிச்சத்தை இழுத்துக் குடித்துவிடும், கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். ஆனால் உங்கள் டிவிதான் ஆன் ஆகவில்லையே! ஃப்யூஸ் நன்றாக இருந்து அதற்கடுத்து கரண்டைப் பிரித்துக் கொடுக்கிற ஐசி சிப் போயிருந்தால், கண்டன்சர் முழுசாக நிரம்பும், குடிக்க ஆள் இருக்காது. அதை மெல்ல வடிக்க வைத்திருக்கிற ரெசிஸ்டரும் சில செட்டுகளில் இருக்காது, சிலவற்றில் அதுவே போயிருக்கும். அதனால் பிளக்கைப் பிடுங்கிய பிறகு, நன்றாக ஓடிக்கொண்டிருந்த டிவியைவிட செத்துக் கிடக்கிற டிவிதான் பின்மூடியைக் கழற்றுகிறவனுக்கு ஆபத்து. இது புரியாமல்தான், "அதான் ஆன் ஆகலையே, அதுல என்ன கரண்ட் இருக்கப்போகுது" என்று தைரியமாகக் கையை விடுகிறார்கள்.

இன்னொரு நினைப்பும் இருக்கிறது. அரசு கொடுத்த கலர் டிவி காலத்து ஆட்கள் பலர், "அந்தப் பெட்டி டிவிலதான் ஆயிரக்கணக்குல வோல்டேஜ், இது மெல்லிசா இருக்கு, எல்இடி, ஒண்ணும் பண்ணாது" என்கிறார்கள். பிக்சர் டியூபில் 20,000 வோல்ட்டுக்கு மேல் இருந்தது உண்மை. அதற்காக 325 வோல்ட் உங்களைச் சும்மா விடுமா? பழைய எல்சிடி செட்டுகளில் திரைக்குப் பின்னால் வெளிச்சம் தருகிற பேக்லைட் டியூபை எரிக்கிற இன்வெர்ட்டர் போர்டு ஓடும்போது ஆயிரம் வோல்ட்டைத் தொடும், அதையும் மறந்துவிடாதீர்கள்.

வீடியோக்களில் ஸ்க்ரூடிரைவரை வைத்து 'டப்'பென்று கண்டன்சரை ஷார்ட் பண்ணிக் காட்டுகிறார்கள். கடையில் நாங்கள் அப்படிச் செய்வதில்லை. மீட்டர் வைத்துப் பார்த்து, ரெசிஸ்டரோ குண்டு பல்போ கொடுத்து மெல்ல இறக்கி, மறுபடி மீட்டரில் பார்த்த பிறகுதான் கையே வைப்போம். ஸ்க்ரூடிரைவர் வைத்தால் தீப்பொறியில் உருகிய துண்டு கண்ணுக்குப் பறக்கும், போர்டில் ட்ராக் என்கிற செம்புக் கோடும் பிய்ந்துபோகும்.

சரி, டிவி ஆன் ஆகவில்லை, வீட்டில் இருப்பவர்கள் என்னதான் பார்ப்பது என்று கேட்பீர்கள். மூடியைத் தொடாமலே பார்க்க எவ்வளவோ இருக்கிறது, சொல்லப்போனால் எனக்கு வருகிற போன்களில் நிறைய, மூடியே திறக்கத் தேவையில்லாதவைதான். முதலில் சிவப்பு லைட் எரிகிறதா பாருங்கள். எரியவில்லை என்றால் அதே பிளக் பாயின்ட்டில் செல்போன் சார்ஜரைச் செருகிப் பாருங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸை விட்டுவிட்டு நேராகச் சுவரில் கொடுங்கள், டிவிக்குப் பின்னால் வயர் நுழைகிற இடத்தில் லூஸாக இருந்தால் அழுத்திவிடுங்கள். இதிலேயே பாதி முடிந்துவிடும், அக்கா ஒருத்தர் பாலக்கோட்டிலிருந்து ஆட்டோ வைத்து டிவியைக் கொண்டுவந்து இறக்கியபோது கழன்றிருந்த வயரைச் செருகிக் கொடுத்தேன், ஆட்டோ காசுதான் பாவம்.

சிவப்பு லைட் எரிந்து டிவி எழவில்லையா, ரிமோட்டில் சந்தேகப்படுங்கள். செல்போனின் செல்பி கேமராவுக்கு முன்னால் ரிமோட்டைக் காட்டிப் பட்டனை அழுத்தினால் முனையில் வெளிச்சம் மினுக்கும், மினுக்கவில்லை என்றால் பேட்டரி மாற்றுங்கள். டிவியிலேயே அடியிலோ பக்கவாட்டிலோ ஒரு பட்டன் இருக்கும், அதை அழுத்திப் பாருங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் பிளக்கை எடுத்துவிட்டு, அந்தப் பட்டனை அரை நிமிஷம் அழுத்திப் பிடித்து, ஐந்து நிமிஷம் விட்டு மறுபடி கொடுங்கள், சிக்கிக்கொண்ட சாஃப்ட்வேர் சில நேரம் இதில் சரியாகிவிடும். இப்படிப் பட்டனை அழுத்திவிட்டால் கண்டன்சரும் காலியாகிவிடும் என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள், செத்த போர்டில் அதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

சத்தம் வருகிறது, திரை கருப்பாக இருக்கிறது என்றால் உடனே "பேனல் போச்சு" என்று முடிவு கட்டாதீர்கள். ரூம் லைட்டை அணைத்துவிட்டு டார்ச்சைத் திரைக்குப் பக்கத்தில் சாய்த்து அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் ஓடுவது தெரிந்தால் போனது பேக்லைட், பேனல் நன்றாக இருக்கிறது. பேனல் விலை பெரும்பாலும் புது டிவி விலைக்குப் பக்கத்தில் போய்விடும், பேக்லைட் ஸ்ட்ரிப் அதில் சிறு பங்குதான். இது தெரியாமல் நல்ல பேனல் உள்ள டிவியைப் பழைய இரும்புக் கடையில் போட்டவர்களைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை.

சிவப்பு லைட் விட்டுவிட்டு மினுக்கினால் எத்தனை தடவை மினுக்கி நிற்கிறது என்று எண்ணி வையுங்கள். பல கம்பெனி செட்டுகளில் எந்தப் பகுதி கோளாறு என்பதை அந்த எண்ணிக்கைதான் சொல்லும். கருகிய வாசனை, புகை, 'டிக் டிக்' சத்தம், பிளக்கைச் செருகியதும் மெயின் பாக்ஸில் எம்சிபி ஸ்விட்ச் தானாக விழுவது, சுவர் ஈரம் டிவிக்குள் இறங்கியது, பல்லி உள்ளே போய்ச் செத்தது, இதில் எது இருந்தாலும் மறுபடி மறுபடி போட்டுப் பார்க்காதீர்கள். பிளக்கை எடுத்துவிட்டுக் கூப்பிடுங்கள்.

ஃப்யூஸ் போயிருந்தால் அந்த இடத்தில் செம்புக் கம்பியை முறுக்கி வைத்துக் கொடுக்கிற வேலையைத் தயவுசெய்து நிறுத்துங்கள். ஃப்யூஸ் சும்மா போகாது, பெரும்பாலும் அதற்குப் பின்னால் ஏதோ ஷார்ட் ஆகியிருப்பதால்தான் போகும். கம்பி வைத்தால் அடுத்து போர்டு கருகும், பக்கத்தில் திரைத்துணி இருந்தால் அதுவும் பிடிக்கும்.

இடிக்கு வருவோம். ஸ்டெபிலைசர் இருக்கிறது என்று நம்பி உட்காராதீர்கள், அது மின்னலைத் தடுக்காது. ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது. வானம் கருக்கும்போதே, முதல் இடி விழுவதற்கு முன்னால், பவர் பிளக்கையும் டிஷ் வயரையும் அல்லது கேபிள் வயரையும் இன்டர்நெட் வயர் இருந்தால் அதையும் கழற்றிவிடுங்கள். பவர் வயரை மட்டும் எடுத்துவிட்டு மொட்டைமாடி டிஷ்ஷிலிருந்து வருகிற வயரை அப்படியே விட்ட வீடுகளிலிருந்துதான் செட்டாப் பாக்ஸ் வயரைச் செருகுகிற எச்டிஎம்ஐ போர்ட் கருகிய டிவிகள் வருகின்றன. இடி தொடங்கிவிட்டால் வயரைத் தொடவே போகாதீர்கள், டிவி போனால் போகட்டும்.

யாருக்காவது ஷாக் அடித்துவிட்டால், மெயினை அணைக்கும்வரை அவரைத் தொடாதீர்கள், அப்புறம் 108. "சும்மா ஒரு சுர்ருன்னு அடிச்சுது, சரியாப்போச்சு" என்று சொன்னாலும் நெஞ்சு படபடத்தாலோ மயக்கம் வந்தாலோ அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ஒரு ஈசிஜி எடுத்துவிடுங்கள்.

ஏற்கெனவே மூடியைக் கழற்றிவிட்டீர்களா? பரவாயில்லை, அப்படியே விடுங்கள். கழற்றிய வயரை ஊகத்தில் மாற்றிச் செருகாதீர்கள், ஸ்க்ரூக்களை ஒரு கவரில் போட்டு வையுங்கள், குழந்தைகளை அந்த அறைக்குள் விடாதீர்கள். மெக்கானிக்கிடம் "நான் திறந்தேன், இதைத் தொட்டேன்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். யாரும் திட்டமாட்டோம், எங்கிருந்து பார்க்க ஆரம்பிப்பது என்று எங்களுக்குத் தெரியும்.