லாக்கர்ல மாடு புக் பண்றதுக்கு முன்னாடி: அந்த 'நாட் ஃபார் சேல்' முத்திரைக்கு என்ன அர்த்தம்

அமெரிக்கால அயோவா, மினசோட்டா, விஸ்கான்சின் பக்கம் இருக்குற நம்ம ஆளுங்க கிட்ட இப்பல்லாம் அடிக்கடி காதுல விழுற பேச்சு, "நாலு குடும்பம் சேந்து ஒரு மாடு எடுத்துட்டோம், வருஷம் பூரா கவலை இல்ல". எடுக்கலாம், தப்பே இல்ல. ஆனா அந்தக் கறிப் பொட்டலம் ஒவ்வொண்ணு மேலயும் 'நாட் ஃபார் சேல்', அதாவது விற்பனைக்கு இல்லைனு பெருசா ஒரு முத்திரை இருக்கும், அது ஏன்னு கேட்டா முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. காசு குடுத்துத்தானே வாங்கினோம், அப்புறம் என்ன விற்பனைக்கு இல்லைனு எனக்கும் முதல் தடவ குழப்பமாத்தான் இருந்துச்சு.

முதல்ல லாக்கர்னா என்னனு சொல்லிடுறேன். வீட்ல ஃப்ரீசர் வர்றதுக்கு முன்னாடி, 1930கள் 40கள்ல, கிராமத்துக்காரங்க டவுன்ல இருக்குற பெரிய குளிர் ரூம்ல பூட்டு போட்ட ஒரு டிராயர வாடகைக்கு எடுத்து தங்களோட கறிய அதுல வச்சிருப்பாங்க, தேவைப்படும்போது வந்து எடுத்துட்டுப் போவாங்க. அந்த டிராயருக்குத்தான் லாக்கர்னு பேரு. டிராயர் போயிடுச்சு, பேரு மட்டும் தங்கிடுச்சு, இப்ப லாக்கர்னா சின்ன ஊர்ல மாடு பன்னி அறுத்து வெட்டி பேக் பண்ணித் தர்ற இடம்.

இப்ப சட்டத்துக்கு வருவோம். 1906ல தியோடர் ரூஸ்வெல்ட் கையெழுத்துப் போட்ட ஃபெடரல் மீட் இன்ஸ்பெக்‌ஷன் ஆக்ட்தான் எல்லாத்துக்கும் அடிப்படை. விக்கிறதுக்காக அறுக்குற ஒவ்வொரு மாட்டையும் அறுக்குறதுக்கு முன்னாடி உயிரோடயும், அறுத்த பிறகு உடம்பையும் அரசாங்க இன்ஸ்பெக்டர் பாக்கணும். யூ.எஸ்.டி.ஏ, அதாவது அமெரிக்க விவசாயத் துறைக்குக் கீழ எஃப்.எஸ்.ஐ.எஸ்னு ஒரு பிரிவு இந்த வேலைய பாக்குது, பாஸ் ஆன கறிக்குத்தான் அந்த வட்ட முத்திரை. (சாய்ஸ், ப்ரைம்னு போடுறாங்களே அது வேற, அது தரம் பிரிக்கிறது, கட்டாயம் இல்ல, கம்பெனிதான் காசு குடுத்து போட்டுக்குது.)

இதுல ஒரு விலக்கு இருக்கு. விவசாயி தன் சொந்த மாட்ட அறுத்துத் தானே சாப்பிடுறதுக்கு இன்ஸ்பெக்டர் எதுக்குனு ஒரு நியாயம் இருக்குல்ல, அதனால மாட்டோட ஓனர் தன் மாட்ட லாக்கருக்குக் கொண்டு வந்து குடுத்து, எனக்கு அறுத்துக் குடுனு கூலி குடுத்தா, ஒவ்வொரு மாட்டையும் இன்ஸ்பெக்டர் நின்னு பாக்க வேண்டாம். இதுக்குப் பேரு கஸ்டம் எக்ஸெம்ப்ட். விலக்குனா கேக்க ஆளே இல்லைனு அர்த்தம் இல்ல, இடம் சுத்தமா இருக்கா, ரெக்கார்டு ஒழுங்கா இருக்கானு அப்பப்ப வந்து பாப்பாங்க, உங்க மாட்டைத்தான் யாரும் தனியா பாக்கல. பதிலுக்கு சட்டம் ஒரு நிபந்தனை போடுது: இந்தக் கறிய ஓனர், அவர் வீட்டு ஆளுங்க, அவர்கிட்ட வேலை பாக்குறவங்க, காசு குடுக்காத விருந்தாளிங்க, இவங்க மட்டும்தான் சாப்பிடலாம். அதான் பொட்டலத்துல அந்த முத்திரை, எழுத்து குறைஞ்சது 3/8 இஞ்ச் உயரம் இருக்கணும்னு வரைக்கும் ரூல் இருக்கு.

அப்ப விவசாயி இல்லாத நாம எப்படி வாங்குறோம்? இங்கதான் சூட்சுமம். நாம கறி வாங்கல, மாட்ட வாங்குறோம். அறுக்குறதுக்கு முன்னாடியே முழு மாடோ, பாதியோ, கால் பங்கோ விவசாயிகிட்ட இருந்து நம்ம பேருக்கு மாறிடணும், அப்ப நாமதான் ஓனர், லாக்கர்காரர் நமக்கு வேலை செஞ்சு குடுக்குறார். அதனாலதான் ரெண்டு பில் வரும், மாட்டுக்கு விவசாயிகிட்ட ஒண்ணு, அறுப்புக்கும் வெட்டுக்கும் லாக்கர்ல ஒண்ணு. நாலு குடும்பம் சேருறீங்கன்னா நாலு பேரோட பேரையும் அறுக்குற தேதிக்கு முன்னாடியே குடுத்துடுங்க. நீங்க ஒருத்தர் முழு மாடும் எடுத்துட்டு, அப்புறமா ஃப்ரீசர்ல இடம் இல்லைனு பக்கத்து அபார்ட்மென்ட் நண்பருக்கு அம்பது பவுண்டு வித்தீங்கன்னா அது விதி மீறல், லாபமே வைக்காம அசல் விலைக்குக் குடுத்தாலும் வித்தது வித்ததுதான்.

இன்னொண்ணு, நம்ம ஆளுங்க சிக்குற இடம். சங்கத்து பிக்னிக்ல ஃபண்டு சேக்குறதுக்கு பிரியாணி பிளேட் 12 டாலர்னு போடுவோம்ல, அதுல இந்தக் கறி போகக் கூடாது. வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கு எத்தன பிளேட் வேணா வைங்க, காசு வாங்குன நிமிஷம் கதை மாறிடும். விக்கிற சாப்பாட்டுக்கு இன்ஸ்பெக்‌ஷன் முத்திரை உள்ள கறிதான் வேணும்.

எல்லா லாக்கரும் கஸ்டம் மட்டும் செய்றது இல்ல. சிலது ஃபெடரல் இன்ஸ்பெக்‌ஷன்ல இருக்கும், சிலது மாநில இன்ஸ்பெக்‌ஷன்ல. 1967ல வந்த ஹோல்சம் மீட் ஆக்ட், மாநிலம் சொந்தமா இன்ஸ்பெக்‌ஷன் நடத்தலாம், ஆனா ஃபெடரலுக்குச் சமமா இருக்கணும்னு சொல்லுது. அயோவா, மினசோட்டா, விஸ்கான்சின்ல அது இருக்கு, கலிஃபோர்னியா நியூயார்க்ல இல்ல. சமமா இருந்தும் மாநில முத்திரைக் கறிய பொதுவா அந்த மாநிலத்துக்கு உள்ளதான் விக்கலாம், எனக்கு இது இன்னைக்கும் புரியாத லாஜிக்தான். இத சரி பண்ண 2008 ஃபார்ம் பில்ல ஒரு வழி கொண்டு வந்தாங்க, சராசரியா 25 ஆளுக்கு மேல போகாத சின்ன ஆலைங்க தனி ஏற்பாட்டுல சேந்தா மாநிலம் தாண்டி விக்கலாம், ஆனா மாநிலமும் அதுல சேந்திருக்கணும். ஓஹையோ, விஸ்கான்சின், அயோவா எல்லாம் சேந்திருக்கு. உங்களுக்குக் கால் மாடு கூட வேணாம், இருபது பவுண்டு போதும்னா, இந்த மாதிரி முத்திரை உள்ள கறிய விவசாயிகிட்ட பாக்கெட் பாக்கெட்டா வாங்கலாம், ஓனர் ஆக வேண்டியதே இல்ல. ஃபோன் பண்ணும்போது முதல் கேள்வியா "கஸ்டமா, இன்ஸ்பெக்டடா"னு கேட்டுடுங்க.

வயோமிங் மட்டும் கொஞ்சம் தனி ரூட்டு, 2015ல கொண்டு வந்த ஃபுட் ஃப்ரீடம் ஆக்ட்ட 2020ல திருத்தி, மாட்டுல ஷேர் விக்கிறதுக்கு வழி பண்ணிட்டாங்க. நாடு முழுக்க கஸ்டம் கறிய மாநிலத்துக்குள்ள விக்க விடணும்னு கென்டக்கி காங்கிரஸ் உறுப்பினர் தாமஸ் மாஸி 2015ல ப்ரைம் ஆக்ட்னு ஒரு மசோதா கொண்டு வந்தார். 2020ல கொரோனால பெரிய ஆலைங்க மூடி, சின்ன லாக்கர்ல 2021 வரைக்கும் தேதி கிடைக்காம விவசாயிங்க திண்டாடுனப்ப இந்தப் பேச்சு ரொம்ப சூடாச்சு.

சரி, காசுக் கணக்கு. இங்கதான் நிறைய பேர் ஏமாந்துட்டோம்னு நினைக்கிறாங்க, ஏமாத்துறது இல்ல, எடையில மூணு வகை இருக்கு, அவ்ளோதான். உயிரோட 1200 பவுண்டு இருக்குற மாடு, தலை தோல் குடல் போக தொங்க விட்டா சுமார் 750 பவுண்டு, இதுதான் ஹேங்கிங் வெயிட். அதுல எலும்பும் கொழுப்பும் கழிச்சு, தொங்குற நாள்ல காயுறதும் போனா உங்க கைக்கு வர்றது 490 பவுண்டு பக்கம். விலை சொல்றது பெரும்பாலும் ஹேங்கிங் வெயிட்டுக்கு. சும்மா கணக்குக்கு வச்சுக்கோங்க, பவுண்டு 4.50 டாலர்னு கால் மாடு, ஹேங்கிங் 188 பவுண்டு, 846 டாலர் ஆச்சு. வெட்டுக்கூலி பவுண்டுக்கு 1.10, அது 207. அறுப்புக்கூலில உங்க பங்கு ஒரு 25. மொத்தம் 1078, வீட்டுக்கு வந்தது 122 பவுண்டு, அப்ப பவுண்டு கிட்டத்தட்ட 8.80. நாலரை டாலர்னு நினைச்சுட்டுப் போனவருக்கு நெஞ்சு அடைக்கும். ஆனா அந்த 8.80ல கொத்துக்கறியும் இருக்கு, ரிப்ஐனு விலை கூடுன ஸ்டேக்கும் இருக்கு. கொத்துக்கறி மட்டும் சாப்பிடுற வீடுன்னா கடையிலயே வாங்கிக்கோங்க, இது உங்களுக்கு லாபம் இல்ல.

கால் மாட்டுக்கு அஞ்சு கன அடி ஃப்ரீசராவது காலியா வேணும், ஃப்ரிட்ஜுக்கு மேல இருக்குற பெட்டி பத்தாது. உதவித்தொகை கார்டு, அதான் ஸ்நாப், வச்சிருக்குறவங்க கவனிங்க, உயிரோட இருக்குற மாட்டுக்கு அத தேய்க்க முடியாது. அந்தக் கார்ட ஏத்துக்குற விவசாயியா பாத்து, முத்திரை உள்ள பாக்கெட்டா வாங்குனா முடியும்.

ஹலால் வேணும்னா சட்டத்துல தடை இல்ல, 1958ல வந்த ஹியூமேன் ஸ்லாட்டர் சட்டம் மத முறைப்படி அறுக்குறதையும் ஏத்துக்குது. ஆனா லாக்கர்காரர் ஒத்துக்கணும், அறுக்க ஆள் உள்ள வர விடணும், அதனால முன்கூட்டியே பேசுங்க.

கடைசியா கட் ஷீட். எப்படி வெட்டணும்னு ஒரு ஃபார்ம் குடுப்பாங்க, அதுல ஸ்டேக், ரோஸ்ட், கொத்துக்கறினு மட்டும்தான் கட்டம் இருக்கும், நம்ம குழம்புக்கு எலும்போட சின்னத் துண்டு வேணும்னா ஓரத்துல தனியா எழுதி, நேர்லயும் சொல்லிடுங்க. ஈரல், நாக்கு, வால், சூப்பு எலும்பு எல்லாம் உங்களோடதுதான், ஆனா வாய் விட்டு கேக்கலைன்னா தூக்கிப் போட்டுடுவாங்க. குடல் கழுவ வசதி நிறைய இடத்துல இல்ல. 30 மாசம் தாண்டுன மாடுன்னா டி-போன் ஸ்டேக் கிடையாது, அதுல முதுகெலும்புத் துண்டு இருக்கும், 2003 டிசம்பர்ல வாஷிங்டன் மாநிலத்துல மேட் கவ் நோய் கண்டுபிடிச்ச பிறகு வயசான மாட்டோட முதுகெலும்ப சாப்பாட்டுல விடக் கூடாதுனு ஆக்கிட்டாங்க. நுரையீரல் எந்த வயசு மாடா இருந்தாலும் தர மாட்டாங்க, இந்த ஊர்ல அத மனுஷ சாப்பாடா எடுக்கவே அனுமதி இல்ல, லாக்கர்காரர் கிட்ட சண்டை போட்டுப் பிரயோஜனம் இல்ல.