பேக்பைப்புடன் மிருதங்கம் சேர்வதும் கீபோர்டு சேராததும் ஏன்?

கனடாவில் வசிக்கும் வாசகர் ஒருவர் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். அவருடைய பக்கத்து வீட்டுக்காரர் ஸ்காட்லாந்து வழிவந்தவர்; பேக்பைப் வாசிப்பவர். வாசகரின் மகள் கீபோர்டும் மகன் மிருதங்கமும் பழகுகிறார்கள். மூன்றையும் சேர்த்து வீட்டிலேயே ஓர் இசைப்பதிவு செய்து பார்த்திருக்கிறார்கள். தோலின் விளிம்புப் பின்னலான மூட்டில் தட்டிச் சுருதி சேர்த்ததும் மிருதங்கம் பைப்புடன் ஒட்டிக்கொண்டது. கீபோர்டோ எந்தக் கட்டையில் வைத்தும் ஒட்டவில்லை. நுண்சுருதியை மாற்றும் வசதியைக் கொண்டு சட்சத்தைச் சரிசெய்த பிறகும் சில சுரங்களில் கரகரப்பு நீங்கவில்லை. குறை பைப்பிலா, கீபோர்டிலா என்று கேட்கிறார். இரண்டிலும் இல்லை. இரண்டு கருவிகளும் இரண்டு வெவ்வேறு கணக்குகளின்படி சுரங்களை வகுத்துக்கொண்டவை.

ஸ்காட்லாந்தின் பெரிய ஹைலாண்ட் பேக்பைப்பில் வாசிப்பவர் ஊதும் காற்று ஒரு பையில் சேர, அவர் முழங்கையால் பையை அழுத்தி, 6 முதல் 8 கிலோபாஸ்கல் வரையிலான சீரான அழுத்தத்தில் நான்கு குழல்களுக்கும் காற்றை அனுப்புகிறார். மெட்டு வாசிக்கப்படும் சான்டர் என்ற குழலில், நாதஸ்வரத்தைப் போலவே இரட்டை நாக்குள்ள சீவாளி இருக்கிறது. தோளில் சாய்ந்து நிற்கும் மற்ற மூன்று குழல்களும் சுருதிக் குழல்கள். நாதஸ்வரத்துக்குச் சுருதி பிடிக்கும் நம் ஒத்து செய்யும் வேலையை அவை செய்கின்றன. அவற்றுள் இரண்டு, சான்டரின் சட்சத்துக்கு ஒரு ஸ்தாயி கீழேயும், நீளமான மூன்றாவது குழல் இரண்டு ஸ்தாயி கீழேயும் இடைவிடாமல் ஒலிக்கின்றன. சான்டரில் கிடைப்பவை ஒன்பதே சுரங்கள்: கீழ் நிஷாதத்தில் தொடங்கி மேல் சட்சத்தில் முடியும் அந்த வரிசையை நாம் ஹரிகாம்போஜி என்போம், பழந்தமிழ் இசையின் செம்பாலை இதுவே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

வாசகரின் முதல் சிக்கலுக்குக் காரணம் சட்சத்தின் இடம். இன்றைய பைப்புகளின் சட்சம் ஏறத்தாழ 480 ஹெர்ட்ஸில் அமைகிறது. கீபோர்டில் பி-ஃபிளாட் 466 ஹெர்ட்ஸ். அடுத்த கட்டையான பி 494 ஹெர்ட்ஸ். ஆகவே பைப்பின் சட்சம் இரண்டு கட்டைகளுக்கும் நட்டநடுவில் விழுகிறது. பழைய குழல்கள் 460 ஹெர்ட்ஸை ஒட்டி ஒலித்தன. போட்டி மேடைகளில் பளிச்சென்று கேட்கவேண்டும் என்ற விருப்பம் அதைப் படிப்படியாக மேலே ஏற்றிவிட்டது. இந்தச் சிக்கல் எளிது. பி-ஃபிளாட்டிலிருந்து அடுத்த கட்டைக்கு உள்ள தூரத்தில் பாதியளவு நுண்சுருதியை ஏற்றினால் தீர்ந்துவிடும். தீராத இரண்டாவது சிக்கலில்தான் இந்தக் கருவியின் அழகு முழுவதும் இருக்கிறது.

நீளமான சுருதிக் குழலின் அதிர்வெண்ணை 120 ஹெர்ட்ஸ் என்று கொள்வோம். சீவாளி ஒரே சீராகத் திரும்பத் திரும்பத் திறந்து மூடுவதால், அந்தக் குழலிலிருந்து 120 மட்டும் எழுவதில்லை. 240, 360, 480, 600, 720, 840, 960 என்று அதன் துல்லியமான முழுஎண் மடங்குகளும் மேற்சுரங்களாகச் சேர்ந்தே எழுகின்றன. இது காற்றில் எப்போதும் நிற்கும் ஓர் ஏணி. இப்போது சான்டரின் சுரங்களை ஒவ்வொன்றாக அந்த ஏணியின்மீது வைத்துப் பாருங்கள். சட்சம் 480, நான்காம் படி. காந்தாரம் 600, ஐந்தாம் படி. பஞ்சமம் 720, ஆறாம் படி. நிஷாதம் 840, ஏழாம் படி. மேல் சட்சம் 960, எட்டாம் படி. எஞ்சிய சுரங்கள் நேரடியாகப் படியில் நிற்காவிட்டாலும் அவற்றின் மேற்சுரங்கள் வந்து நிற்கின்றன: ரிஷபம் 540, அதன் இரு மடங்கான 1080 ஒன்பதாம் படி; மத்திமம் 640, அதன் மும்மடங்கு 1920 பதினாறாம் படி; தைவதம் 800, அதன் மும்மடங்கு 2400 இருபதாம் படி; கீழ் நிஷாதம் 420, அதன் இரு மடங்கு மறுபடியும் ஏழாம் படி. ஒரு சுரமும் ஏணிக்கு வெளியே தவறி விழவில்லை.

பைப் வாசிப்பவர் இந்த எண்களைக் கணக்கிடுவதில்லை. சான்டரின் துளைமீது மின்கம்பிக்குச் சுற்றும் ஒட்டுப்பட்டையைச் சிறிதளவு ஒட்டி, துளையின் மேல்விளிம்பை மறைத்து, சுரத்தை மயிரிழை மயிரிழையாக இறக்கிக்கொண்டே சுருதிக் குழலுடன் சேர்த்துக் கேட்கிறார். இரண்டு அதிர்வெண்கள் மிக நெருங்கியிருந்தால் அவற்றின் வேறுபாட்டுக்கு ஏற்ப ஒலி ஏறி இறங்கும் என்று பள்ளியில் படித்திருப்போம். அந்த விம்மல்கள் மெதுவாகி, மெதுவாகி, நின்றுவிடும் கணத்தில் சுரம் ஏணியில் பூட்டிக்கொள்கிறது. அப்போது சுருதிக் குழல்களுக்குள்ளிருந்து யாரோ புதிதாகப் பாடத் தொடங்கியதுபோல் அந்த மேற்சுரம் தனித்து மலர்வதைக் கேட்கலாம். ஏழாம் படியில் நிற்கும் நிஷாதம் எனக்கு மிகவும் பிடித்தது. நம் கைசிகி நிஷாதத்துக்குச் சொல்லப்படும் 16/9, 9/5 ஆகிய இரண்டு விகிதங்களையும்விடத் தாழ்ந்த 7/4 என்ற விகிதம் அது. முதன்முறை கேட்பவருக்கு அபசுரம் என்று தோன்றும். காது பழகிய பின் அதை வேறிடத்தில் வைத்துக் கேட்க மனம் வராது.

கீபோர்டு இந்த ஏணியை அறியாது. ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம விகிதங்களாக வெட்டிக்கொண்ட கருவி அது. சட்சத்தை 480-இல் பொருத்திய பிறகும் அதன் காந்தாரம் 604.8 ஹெர்ட்ஸில் நிற்கிறது. பைப்பின் 600-உடன் சேரும்போது நொடிக்கு ஏறத்தாழ 5 விம்மல்கள். தைவதத்தில் 7. நிஷாதம் 855.3 என்பதால் 15. அந்த வேகத்தில் விம்மலைத் தனித்தனியே எண்ண முடியாது, கரகரப்பாகவே கேட்கும். பஞ்சமத்திலோ வேறுபாடு ஒரு ஹெர்ட்ஸுக்கும் குறைவு. வாசகர் குறிப்பிட்ட 'சில சுரங்கள்' காந்தாரம், தைவதம், நிஷாதம் ஆகிய மூன்றாகத்தான் இருக்கவேண்டும்.

மிருதங்கம் ஒட்டியதற்கும் இதே ஏணிதான் காரணம். வெறும் தோலை இழுத்துக் கட்டித் தட்டினால் அதன் அதிர்வுகள் 1, 1.59, 2.14, 2.30 என்ற ஒழுங்கற்ற விகிதங்களில் எழும். மிருதங்கத்தின் வலப்பக்கத் தோலான வலந்தலையின் நடுவே பூசப்படும், சோறு எனப்படும் கறுப்புப் பசை தோலின் எடையை மாற்றி, அந்த அதிர்வுகளை 1, 2, 3, 4, 5 என்ற முழுஎண் விகிதங்களுக்குக் கொண்டுவருகிறது என்பதை சி.வி. ராமன் சிவகாளி குமாருடன் சேர்ந்து 1920-இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். 240 ஹெர்ட்ஸுக்குச் சுருதி சேர்த்த மிருதங்கம் 240, 480, 720, 960, 1200 என்று பைப்பின் படிகளிலேயே கால் வைக்கிறது. ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் இயற்பியல் ஆசிரியராக இருந்த ஷேமஸ் மெக்நீல் பைப் கலைஞரும்கூட. 1944-இல் பைப் கல்லூரி ஒன்றை அங்கே நிறுவிய இருவரில் ஒருவர். சான்டரின் சுரங்களை ஆய்வுக்கூடத்தில் அளந்தவர். ராமன் இட்ட அடித்தளத்தின்மேல் நின்று, சின்ன மேளம் எனப்பட்ட ஆடற்குழுவில் சதிர் ஆட்டத்துக்குச் சுருதி பிடித்த துத்தி என்ற நம்முடைய தோற்பைக் கருவியை அதே அக்கறையுடன் அளந்து பதிவுசெய்ய நாம் பணம் ஒதுக்கவேண்டும். இதற்குத் தேவைப்படுவது ஒரு நல்ல ஒலிவாங்கியும் ஒரு கணினியும் இரண்டு ஆய்வு மாணவர்களின் உதவித்தொகையும் மட்டுமே. 432 ஹெர்ட்ஸ்தான் பிரபஞ்சத்தின் சுருதி, அது நோய் தீர்க்கும் என்று பரப்பப்படும் நம்பிக்கைக்குக் கிடைக்கும் கவனத்தில் ஒரு பங்கு இந்த ஆய்வுகளுக்குக் கிடைக்கலாம். ஹெர்ட்ஸ் என்பது நொடிக்கு எத்தனை அதிர்வு என்ற கணக்கு. ஒரு நாளை 86,400 கூறுகளாக மனிதர்கள் பகுத்ததால் பிறந்தது நொடி. அந்த எண்ணுக்குத் தனிப் புனிதம் எதுவும் இருக்க முடியாது. காது உணர்வது விகிதங்களை.

பைப்புடன் வழக்கமல்லாத கருவிகளைச் சேர்த்துப் பதிவுசெய்து வென்றவர்களும், தெரிந்தோ தெரியாமலோ, இந்த ஏணியை மதித்தவர்களே. 1975-இல் ஏசி/டிசி ராக் குழு மின்கிடார்களோடு பைப்பைச் சேர்த்துப் பதிவுசெய்தது. சிறுவயதில் பைப் பேண்டில் டிரம் வாசித்திருந்த பாடகர் பான் ஸ்காட்டே பைப்பையும் வாசித்தார். ராக் கிடார் பெரிதும் நம்பியிருக்கும் 'பவர் கார்டு' என்ற கூட்டொலியில் சட்சமும் பஞ்சமமும் மட்டுமே உண்டு, காந்தாரம் இல்லை. கரகரப்பு பிறக்கும் இடத்தையே அது தொடுவதில்லை. 1963-இல் கென்னடியின் இறுதி ஊர்வலத்தில் பிளாக் வாட்ச் படைப்பிரிவின் பைப்பைக் கேட்டு அந்தக் கருவிக்கு வந்த ஃபிலடெல்ஃபியாவின் ஜாஸ் கலைஞர் ரூஃபஸ் ஹார்லி, 1974-இல் மான்ட்ரூ விழாவில் சாக்ஸபோன் மேதை சோனி ராலின்ஸுடன் வாசித்தது மேடையிலேயே பதிவாகியிருக்கிறது. உதட்டின் பிடியை மாற்றிச் சுரத்தை வளைக்க முடிவது சாக்ஸபோனுக்குள்ள வசதி. வீணையில் உள்ளதுபோன்ற மெட்டுகள் இல்லாத வயலினுக்கு அது இன்னும் எளிது.

பதிவு செய்யும்போது கவனிக்கவேண்டியவை சில. பைப்பின் ஒலி அருகில் 100 டெசிபெல்லைத் தாண்டும். ஒரே அறையில் வாசித்தால் மற்றெல்லா ஒலிவாங்கிகளிலும் அதுவே நிறையும். ஆகவே தனித்தனியே பதிவுசெய்வதே நல்லது. ஒலி சான்டரின் அடிவாயில் மட்டுமல்லாமல் திறந்திருக்கும் விரல்துளைகளிலும் வெளிவருவதால், ஒலிவாங்கியை மிக அருகில் வைத்தால் சுரத்துக்குச் சுரம் அளவு மாறும். ஒரு மீட்டராவது தள்ளி வைத்து, சுருதிக் குழல்களுக்கு உயரத்தில் இன்னொன்று வைக்கலாம். வழக்கமாகக் கீபோர்டை முதலில் பதிவுசெய்து அதன்மேல் மற்றவற்றை ஏற்றுவார்கள். இங்கே பைப்பை முதலில் பதிவுசெய்யவேண்டும். வெப்பநிலை ஒரு பாகை செல்சியஸ் ஏறினால் குழலுக்குள் ஒலியின் வேகம் கூடி, சுருதி ஏறத்தாழ 3 சென்ட், அதாவது அரைச்சுரத்தின் நூற்றில் மூன்று பங்கு, உயர்கிறது. மூச்சின் ஈரத்தால் சீவாளியும் மாறுகிறது. கால் மணி நேரம் வாசித்துக் கருவி சூடேறி நிலைத்த பிறகே பதிவைத் தொடங்கவேண்டும். மகள் கீபோர்டை விட மனமில்லாதிருந்தால், ஒவ்வொரு கட்டையின் சுருதியையும் தனித்தனியே மாற்றும் வசதி அதில் உண்டா என்று பாருங்கள். இருந்தால் காந்தாரத்தை 14, தைவதத்தை 16, நிஷாதத்தை 31 சென்ட் இறக்குங்கள். பைப் வாசிப்பவரிடம் பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு நிமிடம் சுருதிக் குழல்களை மட்டும் ஒலிக்கவிடச் சொல்லிப் பதிவுசெய்துகொள்ளுங்கள். இரண்டுக்கும் இடையில் சுருதி எவ்வளவு நகர்ந்தது என்று அதிலிருந்து தெரிந்துவிடும். மிருதங்கத்தின் சுருதியை அதைக் கேட்ட பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.